பச்சிலையின் ஆற்றலைப் பாடினாற் போதுமா? ஆய்ந்து காட்டுக!

(கன்னிவாடியில் தமிழன்பர்கள் கூட்டிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருந்துச் செடிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். தமிழாசிரியன் ஒருவன் இத்தலைப்பில் என்ன பேசுவான் என்று நீங்கள் முன்னரே எண்ணியிருப்பீர்கள். சித்தர்களின் பெருமையைச் சொல்வான். அதோ தெரியும் பழனிமலைத் தொடரைக் கைகாட்டுவான். உலகுக்கு மருத்துவம் தந்தவன் தமிழனே என்று முழங்குவான். கைதட்டல் பெற்று அமர்வான். அப்படிப் பேசுவது எளிது, கேட்பதும் இனிது. ஆனால், கைதட்டல் இதுவரை ஒரு புண்ணையும் ஆற்றியதில்லை.

நம் பச்சிலைக்கு நோய்தரும் நுண்ணுயிரைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்கிறோம். எதனால் அறிந்தாய், எவ்வளவு ஆற்றல், எந்த நுண்ணுயிரின்மேல் என்று அயலான் ஒருவன் கேட்டால் விடை சொல்ல வேண்டாவா? அவ்விடையை அறிவியலார் எப்படித் தேடுகிறார்கள், தேடும் வழியில் எங்கே ஏமாறுகிறார்கள், அத்தேடலில் தமிழ் கற்றவனுக்கு என்ன வேலை என்னும் மூன்றையும் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

இன்று ஏன் இந்தத் தேடல்?

1928ஆம் ஆண்டில் இலண்டனில் பிளெமிங் என்பார், தம் ஆய்வுத் தட்டில் தற்செயலாக வளர்ந்த ஒரு பூஞ்சையைச் சுற்றி நுண்ணுயிர்கள் மாய்ந்திருக்கக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே பெனிசிலின். அதன்பின் வந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலவும் மண்ணில் வாழும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் தந்தவை. சளிக்காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக் காய்ச்சலுக்கும் முள் குத்திய புண்ணுக்கும் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்த மாந்தரினம் அவற்றால் பிழைத்தது.

ஆயினும் நுண்ணுயிர் வாளா இருக்கவில்லை. மருந்தை அரைகுறையாக உண்டால், வலிவற்றவை மடியும், வலிவுள்ளவை எஞ்சும், எஞ்சியவை பெருகும். பின்னர் அம்மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. இதனைப் பிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு பெற்றபோது எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களால் நேரடியாக நேர்ந்த இறப்பு 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலக்கத்து 70 ஆயிரம் என்று 2022இல் வெளிவந்த பேராய்வு ஒன்று மதிப்பிட்டது. இது எங்கோ நடப்பதன்று. கடைசிப் படைக்கலமாக மருத்துவர் காத்துவைத்திருந்த மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் ஒரு மரபுக்கூற்றைச் சென்னை நோயாளிகளின் நுண்ணுயிர்களில் கண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குமாரசாமியும் பிறரும் 2010இல் உலகுக்கு அறிவித்தனர்.

ஆகவேதான் உலகம் புதிய மருந்தைத் தேடி அலைகிறது. மண்ணைத் துழாவியவர்கள் செடியின் பக்கமும் திரும்பியுள்ளார்கள். செடி ஓடி ஒளிய முடியாது. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும், அழுகச் செய்யும் பூஞ்சையையும், நுண்ணுயிரையும் நின்ற இடத்தில் நின்றே எதிர்க்க வேண்டும். அதற்காகவே கைப்பையும் துவர்ப்பையும் காரத்தையும் மணத்தையும் தன் உடம்பில் ஆக்கிவைத்துள்ளது. அவற்றுள் நமக்குப் பயன்படுவது எது என்பதே கேள்வி.

முதற்படி: பெயர்

இக்கேள்விக்கு விடைதேடும் ஆய்வு, ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை, பெயரில் தொடங்குகிறது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கினார். அவற்றுட் சில இன்று எச்செடியின் மலர் என்பதில் அறிஞர்க்குள் கருத்துவேறுபாடு உண்டு. பாட்டில் பெயர் மயங்கினால் கருத்து மயங்கும், அவ்வளவே. மருந்தில் பெயர் மயங்கினால் உயிர் மயங்கும்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பின் கீழே வரிசையாகக் காய்தொங்கும் சிறுபூண்டு என்று எல்லாரும் அறிவோம். ஆனால் அவ்வடையாளம் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களுக்குப் பொருந்தும். கடைகளில் கீழாநெல்லி என்று விற்கும் சரக்கை ஆராய்ந்தவர்கள், அதில் வெவ்வேறு இனங்கள் கலந்துகிடக்கக் கண்டார்கள். கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூப்பதா, மஞ்சட் பூப்பதா? இரண்டும் வெவ்வேறு செடிகள். ஒருவர் ஒன்றை ஆய்ந்து ஆற்றல் உண்டு என்பார். மற்றொருவர் மற்றொன்றை ஆய்ந்து இல்லை என்பார். இருவரும் உண்மையே சொல்லியிருப்பர்; இருவர் உண்மையும் பயனற்றுப் போகும்.

இதனால்தான் செம்மையான ஆய்வாளர், தாம் பறித்த செடியின் ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடம், நாள், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதி உலர்செடிக் காப்பகத்தில் வைக்கிறார். ஐம்பது ஆண்டு கழித்தும் ஐயம் எழுந்தால் எடுத்துப் பார்க்கலாம். நமக்கு மேலே நிற்கும் பழனிமலைத் தொடரின் செடிகொடிகளை இப்படித் திரட்டி, அருள்தந்தை மத்தேயு அவர்கள் 1999இல் பெருநூலாக வெளியிட்டார். அந்நூல் ஆங்கிலத்தில் உள்ளது. அம்மலையில் வாழும் பளியர் ஒரு செடிக்கு இடும் பெயர், அடிவாரத்து உழவர் இடும் பெயர், மருந்துக்கடைக்காரர் இடும் பெயர், உலகறிவியல் இடும் இலத்தீன் பெயர் ஆகிய நான்கையும் ஒருவரிசையில் நிறுத்தித் தருவது யார் வேலை? தமிழ் கற்றவன் வேலை. அவ்வேலை செய்யாமல் சொல்லாராய்ச்சி பேசுவது, கதிரை விட்டுத் தாளை அடிப்பது போன்றது.

இரண்டாம் படி: தட்டு

பெயர் உறுதியான பின் செடியை நிழலில் உலர்த்திப் பொடிக்கிறார்கள். ஒருபங்கை நீரிலும், ஒருபங்கை எரிசாராயத்திலும், ஒருபங்கை நெய்ப்பொருளைக் கரைக்கும் பிற நீர்மங்களிலும் ஊறவைத்து வடித்துச் சுண்டச் செய்கிறார்கள். நீரில் இறங்காத சத்து சாராயத்தில் இறங்கும்; சாராயத்தில் இறங்காதது வேறொன்றில் இறங்கும். எஞ்சும் பசையே ஆய்வுக்குரிய சாறு.

அடுத்து, வட்டமான கண்ணாடித் தட்டில் நுண்ணுயிர்க்கு உணவு கலந்த அகர்க்கூழை ஊற்றி உறையவைக்கிறார்கள். அகர் என்பது கடற்பாசியிலிருந்து எடுப்பது. அகர் தரும் பாசியை மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரத்துப் பெண்கள் இன்றும் மூழ்கி எடுக்கிறார்கள். உறைந்த கூழின்மேல் சீழ்ப்புண்ணுக்கு ஏதுவான நுண்ணுயிரையோ வயிற்றுப்போக்குத் தரும் நுண்ணுயிரையோ ஒரே சீராகத் தடவுகிறார்கள். அதன்மேல் சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் அகலமுள்ள தாள்வில்லைகளை வைத்து, உடற்சூட்டை ஒத்த வெப்பத்தில் ஓரிரவு விடுகிறார்கள். விடிந்ததும் தட்டெங்கும் நுண்ணுயிர் வெண்படலமாக வளர்ந்திருக்கும். சாற்றுக்கு ஆற்றல் இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் வளர்ச்சியற்ற தெளிவட்டம் தோன்றும். அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து எழுதுகிறார்கள். பெரியோர்களே, இதுவே அந்த ஆய்வு. மருத்துவமனைகளில் மருந்துகளைத் தேர்வதற்காக இம்முறையை 1966இல் பாயரும் கெர்பியும் உடனுழைத்தோரும் ஒழுங்குபடுத்தினர்.

தெளிவட்டம் ஏமாற்றும்

இந்த வட்டத்தைக் கண்டதும் துள்ளிக் குதிக்கிறவர்கள் பலர். "எங்கள் செடி நுண்ணுயிரைக் கொன்றது" என்று கட்டுரை எழுதிவிடுகிறார்கள். நாளிதழும் அதனை முழங்குகிறது. பொறுமின்! வட்டம் நான்கு வகையில் ஏமாற்றும்.

ஒன்று, கரைத்த நீர்மமே கொன்றிருக்கலாம். எரிசாராயம் நுண்ணுயிரைக் கொல்லும் என்பது ஊசி போடுமுன் பஞ்சால் துடைக்கும் செவிலியர்க்கும் தெரியும். ஆகவே, செடியே இல்லாத வெறும் நீர்மத்தில் நனைத்த வில்லை ஒன்றை அதே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அது வட்டம் காட்டினால் செடிக்குப் புகழில்லை.

இரண்டு, துவர். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலை நீங்கள் அறிவீர்கள். ஆவாரம்பட்டையின் துவர் தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை இறுக்கி அழுகாமற் காக்கிறது. அதே துவர் நுண்ணுயிரின் புரதத்தையும் பற்றி இறுக்கும். எனவே துவர் மிகுந்த எப்பட்டையும் தட்டில் வட்டம் காட்டக்கூடும். அது தோலைப் பதனிடும் ஆற்றலேயன்றி நோயைத் தேடிச்சென்று நீக்கும் ஆற்றல் அன்று. துவரைப் பிரித்தெடுத்த பின்னும் ஆற்றல் நிற்கிறதா என்று பார்ப்பதே ஆய்வு.

மூன்று, வட்டத்தின் அகலம் ஆற்றலின் அளவன்று. நீரில் எளிதிற் பரவும் பொருள் அகன்ற வட்டம் காட்டும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் ஆற்றல் மிக்கதாயினும் கூழில் பரவாமல் குறுகிய வட்டமே காட்டும். இரண்டு செடிகளை வட்டம் கொண்டு ஒப்பிடுவது, ஓட்டத்தில் முந்தியவனை மல்லிலும் வல்லவன் என்பதற்கு நிகர்.

நான்கு, அளவு. ஒப்பீட்டுக்கு வைக்கும் செந்தாமைசின் வில்லையில் உள்ள மருந்து 10 மைக்ரோகிராம். பக்கத்து வில்லையில் செடிச்சாற்றை 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம் ஏற்றிவிட்டு, இரண்டும் ஒரே வட்டம் காட்டின என்று மகிழ்ந்தால் என்ன பொருள்? ஐந்நூறு மடங்கு கொட்டி நிகர்நின்றது என்பதே பொருள்.

ஆகவேதான் அறிவியலார் வட்டத்தோடு நிற்பதில்லை. சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், நுண்ணுயிரின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று காண்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமும் அதற்குக் குறைவும் போதுமானால் அச்சாறு மேலாய்வுக்குத் தக்கது. 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டுமானால் அதனைப் பெரிதாகப் பேசுதல் தகாது என்பது இத்துறையில் பலர் ஒப்பும் வரம்பு.

அந்த 1,000 என்பதன் பொருளை நாமே கணக்கிடலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் குருதி ஏறத்தாழ 5 லிட்டர். அதில் அச்செறிவு வர 5 கிராம் சாறு முழுதும் குருதியில் கலக்க வேண்டும். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு தேறுவதாக வைத்துக்கொண்டால் 50 கிராம் உலர்இலை. பச்சையாகப் பறித்தால் அதைப்போலப் பன்மடங்கு. வயிறு அதனை முழுதும் உட்கொள்ளாது. ஈரல் வந்ததைச் சும்மா விடாது. ஆனால் அதே சாற்றைப் புண்ணின்மேல் அப்பினால், அவ்வளவும் அங்கேயே நிற்கும். ஆய்வுத்தட்டு நம் குருதியைப் போன்றதன்று. திறந்த புண்ணைப் போன்றது. நம் பாட்டிமார் எத்தனையோ பச்சிலைகளை அரைத்துப் பற்றாகவே போட்டதன் அறிவு இங்கே விளங்குகிறது.

மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து மடியில் பூசும் முறையைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் இன்று உழவரிடையே பரப்புகிறது. இத்தகைய மரபுக் கால்நடை மருத்துவத்தைத் தஞ்சையில் பணியாற்றிய கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றோர் திரட்டி முறைப்படுத்தினர். மாட்டுக்கு ஏற்றும் நுண்ணுயிர்க்கொல்லி பாலில் இறங்கி நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும் இந்நாளில் இது சிறு செய்தியன்று. கறவை வைத்திருக்கும் கன்னிவாடிக் குடும்பங்கள் இதனைத் தம் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

தட்டு சொல்லாதவை

நுண்ணுயிரைக் கொல்வதெல்லாம் மருந்தாகாது. தீயும் கொல்லும், அரளியும் நஞ்சே. எனவே அச்சாறு மாந்தரின் உயிரணுவைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் விலங்கிலும், முடிவில் ஒப்புதல் பெற்ற மாந்தரிலும் ஆய வேண்டும். தட்டு முதற்படி, பதினெட்டாம் படியன்று. மேலும், பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் வேறு, வைரசு வேறு. டெங்குக் காய்ச்சல் வைரசால் வருவது. நிலவேம்பு தட்டில் பாக்டீரியாவைத் தடுத்தது என்பதைக் காட்டி டெங்குவுக்குச் சான்று சொல்வது வழக்கு மாறிச் சொன்ன சான்றாகும். டெங்குவுக்கு அதன் பயனைத் தனியே ஆய்ந்துதான் சொல்ல வேண்டும்.

அதே வேளையில் தட்டில் தோற்ற செடியெல்லாம் வீண் என்றும் தள்ளிவிடாதீர்கள். மரமஞ்சளில் பெர்பெரின் என்னும் மஞ்சட்பொருள் உண்டு. அது தனியே நின்றால், சீழ்ப்புண் நுண்ணுயிர் தன்னிடமுள்ள இறைப்பியால் அதனை வெளியே இறைத்துத் தள்ளிவிடும். ஆனால் பெர்பெரின் கொண்ட ஒருவகைச் செடிகளில் அவ்வுடலிலேயே மற்றொரு பொருளும் இருந்து, நுண்ணுயிரின் இறைப்பியை அடைத்துவிடுகிறது என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் காட்டினர். இரண்டாவது பொருள் தனியே ஆற்றலற்றது. முதலாவதனோடு சேர்ந்தால் வலிய துணை. முழுச்செடியை வழங்கும் மருத்துவ மரபை ஆராயாமல் இகழ்வார்க்கு இஃது ஒரு விடை. ஆராயாமல் புகழ்வார்க்கும் இதுவே விடை. ஏனெனில் இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தது ஆய்வே.

ஏட்டைச் சரியாகப் படித்தவர் வென்றார்

ஏட்டறிவும் ஆய்வறிவும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனத்தைப் பாருங்கள். தூ யூயூ என்னும் பெண்மணி மலைக்காய்ச்சலுக்கு மருந்து தேடினார். மலைக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவதன்று எனினும் பாடம் ஒன்றே. எட்டிக்காயினும் கசந்த தோல்விகள் பல. ஒரு செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் கே ஹாங் எழுதிய மருத்துவ நூலை மீண்டும் படித்தார். அதில் அச்செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு 1971இல் சாறெடுத்தார், வென்றார். 2015இல் நோபல் பரிசு பெற்றார்.

எண்ணிப் பாருங்கள். ஊறவை என்பதற்கும் காய்ச்சு என்பதற்கும் இடையே இருந்த வேறுபாடு இலக்கக்கணக்கான உயிர்களைக் காத்தது. நம் ஏடுகளில் இடி, பிழி, ஊறவை, குடிநீராக்கு, சுண்டவை, வாட்டு, வதக்கு, புடமிடு என்று எத்தனை வினைகள்! அவற்றை எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாக்கிவிட்டு மெத்தனாலில் ஊறவைத்தால், ஏடு சொன்னதை நாம் ஆய்ந்தோமா? இல்லை. வேறொன்றை ஆய்ந்துவிட்டு ஏட்டின்மேல் பழி போட்டோம். சொல்லைச் சரியாகப் படித்தவனும் தட்டைச் சரியாக அளந்தவனும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மரபு என்பது தூங்குவதன்று

இன்னொன்றும் சொல்லவேண்டும். கசந்தாலும் கேளுங்கள். நம் வரப்பிலெல்லாம் முளைத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டை அறியாதார் இல்லை. அறுவாள் பட்ட விரலில் அதன் இலையைக் கசக்கிப் பிழியாத உழவர் உண்டா? அச்செடி நம் மண்ணில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளிலிருந்து வந்து பரவியது. ஆதலால் அதன் பயன் எந்தத் தொல்பழம் ஏட்டிலும் பிறந்திருக்க முடியாது. வந்த செடியை நம் முன்னோர் பார்த்தனர், கசக்கினர், புண்ணில் இட்டனர், ஆறுவதைக் கண்டனர், பெயரும் தமிழில் இட்டனர். இதைவிடச் சிறந்த ஆய்வு மரபு எது? நம் பெருமை எல்லாச் செடியும் நம்முடையது என்பதில் இல்லை. எச்செடி வந்தாலும் ஆராய்ந்து அறிந்தோம் என்பதிலேயே உள்ளது. அவர்கள் ஆராய்ந்தார்கள், நாம் அவர்கள் ஆராய்ந்ததைப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

பாடிக்கொண்டே இருந்தால் பறிபோகும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடியபின் 1997இல் அது நீக்கப்பட்டது. மஞ்சளைக் காத்தது முழக்கமன்று, எழுத்துச் சான்று. 2001இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகத்தில் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றுள்ளன. ஆனால் ஏட்டில் ஏறாத அறிவு, பளியர் முதியவரின் நாவிலும் நம் பாட்டியின் கையிலும் மட்டுமே உள்ள அறிவு, அவர்களோடு எரிந்து போகிறது. அவ்வறிவை வாங்கி விற்போர் அவர்க்குரிய பங்கைத் தரவேண்டும் என்று 2002இன் உயிரியற் பன்மைச் சட்டம் சொல்கிறது. யார் சொன்னது என்று எழுதி வைக்காவிட்டால் பங்கு யாருக்கு?

நாம் செய்யத்தக்கவை

இளைஞர்களே, உங்களுக்கு நான்கு பணிகள்.

ஒவ்வொரு பள்ளியிலும் உலர்செடித் தொகுப்பு ஒன்று தொடங்குக. நோய் நுண்ணுயிரைப் பள்ளியில் வளர்க்கத் துணியற்க. அது பயிற்சி பெற்றோர் பாதுகாப்போடு செய்யும் வேலை. செடியை அடையாளம் கண்டு, பூவோடு ஒட்டி, ஊர்ப்பெயரெல்லாம் எழுதுவது உங்களால் இயலும்.

முதியோரிடம் கேட்டெழுதும்போது செடியின் பெயரோடு நிற்காதீர்கள். எந்த உறுப்பு, எப்பருவம், எவ்வாறு பதப்படுத்துவது, எவ்வளவு, உள்ளுக்கா வெளிக்கா என்று ஐந்தும் கேளுங்கள். சொன்னவர் பெயரை அவர் ஒப்புதலோடு எழுதுங்கள்.

கல்லூரியில் இவ்வாய்வு செய்யும் தம்பியரும் தங்கையரும், தாம் கண்டதை ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் பெற்றபின், இரண்டு பக்கமேனும் தமிழில் எழுதிச் செடி தந்த ஊருக்குக் கொண்டுவந்து கொடுங்கள். வெற்றியை மட்டுமன்று, ஆற்றல் இல்லை என்று கண்டதையும் எழுதுங்கள். இல்லாததை இல்லை என்று சொல்லும் துணிவுள்ள மொழியில்தான் உண்டு என்னும் சொல்லுக்கு மதிப்பு.

நான்காவது, எல்லார்க்கும் உரியது. கடுங்காய்ச்சலும் பரவும் சீழ்ப்புண்ணும் கண்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லியைச் சொன்ன நாள்வரை உண்ணுங்கள். மிஞ்சியதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதாமல் கடையில் வாங்காதீர்கள். இருக்கும் மருந்தைக் காப்பதும் புதிய மருந்தைத் தேடுவதும் ஒரே பணியின் இரு கைகள்.

பெரியோர்களே, வள்ளுவர் மருந்துக்கென ஒரு பகுதியே வகுத்தார். அதில் ஒரு பச்சிலையின் பெயரும் இல்லை. நோயையும் அதன் கரணியத்தையும் ஆய்ந்தறிந்து செய்யும் அறிவையே மருத்துவத்துக்கு அடிப்படையாக வைத்தார். அவ்வழி வந்த நாம் ஆராய்வதற்கு அஞ்சலாமா? ஆய்வில் நிற்பது நிற்கட்டும், உதிர்வது உதிரட்டும். நின்றதை உலகுக்குக் கொடுப்போம். தமிழிலும் எழுதிக் கொடுப்போம்.

 வெல்க தமிழ்!